தானே விரிந்த குடுவை

கோர்ட்டு வராந்தாவில் அந்தப் பெட்டி இருந்தது. தேவதாரு மரப்பெட்டி. குறுக்கும் நெடுக்கும் கயிறு, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பெட்டிக்குள் வைக்கோலில் பொதிந்த கண்ணாடிக் குடுவைகள் இருப்பது பரந்தாமனுக்குத் தெரியும். அவற்றோடு ஒன்றாக வந்த ஒரு குடுவையால்தான் அவன் மனைவி மனோரமா செத்தாள்.

பெட்டிக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக, நர்ஸ் தேவகி தரையில் உட்கார்ந்திருந்தாள். கேஸ் அவள் மேல். முதல் சாட்சி பரந்தாமன்.

அவன் அரக்கோணத்தில் ரயில்வே சாமான் ஆபீஸில் குமாஸ்தா. பி.ஏ. படித்தவன். மூன்று மாதமாக வேலைக்குப் போனான், வந்தான், போட்டதைச் சாப்பிட்டான். அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டது அவன் காதிலும் விழுந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று நடந்தது அது. திருத்தணி முழுக்கக் காவடி. ஊர்க்காரர்கள் நடத்திய சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் மனோரமா பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். ஆயாக்கள் மலைக்குப் போய்விட்டார்கள். டாக்டர், உலக யுத்தம் தொடங்கியதும் பட்டாளத்தில் சேர்ந்தவர், அவர் இடத்துக்கு வெளியூர் டாக்டர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து போனார். அன்று அவர் வரும் நாள் இல்லை. தேவகி ஒருத்திதான். கைக்கு ஆள் வேண்டுமென்று பரந்தாமனை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள்.

பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதற்கு யாரும் கேஸ் போடவில்லை.

பிறகு ரத்தம் நிற்கவில்லை. தேவகி உப்புநீர் கரைத்து, பக்குவமாகச் சூடாக்கி, குடுவையில் ஊற்றி, ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டி, ரப்பர் குழாயை மனோரமாவின் கை நரம்பில் இறக்கினாள். சொட்டுச் சொட்டாக நன்றாகத்தான் இறங்கியது. மனோரமாவின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. "ஜன்னல சாத்துங்க, ஒரே சத்தமா இருக்குது" என்றாள். வெளியே அரோகரா போட்டுக்கொண்டு கூட்டம் போனது. அவன் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது வெங்காயச் சருகைக் கிள்ளியது போல ஒரு சின்ன ஓசை. குடுவையின் கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் ஒரு கோடு ஓடியது. உப்புநீர் தரையில் கொட்டியது. இரண்டாவது குடுவை ஊற்றும்போதே அடி கழன்று விழுந்தது. மூன்றாவதைத் தேவகி வெந்நீரில் போட்டாள். அது கொதித்து ஆறுவதற்குள் மனோரமாவுக்கு அது தேவைப்படாமல் போயிற்று.

சீமைக் குடுவைகள் வருவது சண்டையால் நின்றுபோன பிறகு வந்தவை இவை. லேசாகப் பச்சை ஓடிய கண்ணாடி, உள்ளே கடுகு போலக் குமிழ்கள். எந்த ஊரில், எவன் ஊதியது என்று ஓர் எழுத்துகூட அவற்றில் இல்லை.

மறுநாளே மாமனார் வேதாசலம் பள்ளிப்பட்டிலிருந்து வந்துவிட்டார். நாற்பது தறிக்கு நூல் கொடுத்து வாங்குகிற மனிதர், சொன்ன சொல்லுக்கு மறுசொல் கேட்டுப் பழகாதவர். பரந்தாமனின் மணிக்கட்டைப் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தாலுகா சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்தது, அதனால் ஸ்டேஷனில் எழுத்தெல்லாம் தெலுங்கு. ஏட்டு ஓபுலேசு கடப்பைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை, தமிழ் இன்னும் பிடிபடவில்லை. பரந்தாமனுக்குத் தெலுங்கு பேச்சு வரும், எழுத்து வராது.

ஓபுலேசு எழுதிக்கொண்டே வந்து, பேனாவை நிறுத்தி, "எவரு விரிச்சிந்தி?" என்று கேட்டார்.

யார் உடைத்தது என்பது கேள்வி. பரந்தாமன் காதில் உடைந்தது என்பது மட்டும்தான் விழுந்தது.

"தானே விரிஞ்சுது" என்றான்.

"தானேனா?"

"ஆங். தானே."

ஓபுலேசு வேதாசலத்தைப் பார்த்தார். வேதாசலம் தலையை ஆட்டினார். பரந்தாமன் காட்டிய இடத்தில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டான்.

இதெல்லாம் அவனுக்கு ஒரு விஷயமாகவே இருக்கவில்லை, அன்று காலை கோர்ட்டு வராந்தாவில் தேவகியின் வக்கீல் சாமிநாதன் வந்து பக்கத்தில் நிற்கும் வரை.

"தம்பி, உன் பிராதை யாராவது உனக்குப் படிச்சிக் காட்டினாங்களா?"

"இல்லைங்க."

"நகல் எங்கிட்ட இருக்குது. காதக் குடு." வக்கீல் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தெலுங்கில் படித்தார். குடுவை எப்படி உடைந்தது என்ற இடம் வந்ததும் நிறுத்தி, அந்த இரண்டு சொல்லைத் தனியாகச் சொன்னார். "தானே விரிச்சிந்தி."

பரந்தாமன் மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னான்.

தமிழில் அவன் சொன்னது, குடுவை தன்னாலே விரிசல் விட்டது என்று. அது தெலுங்கு காதில் ஏறி, தெலுங்கு எழுத்தில் இறங்கியபோது, அவளே உடைத்தாள் என்று ஆகியிருந்தது. தெலுங்கில் பெண்பிள்ளைக்கும் சாமானுக்கும் வினை ஒன்றேதான், வந்தாள் என்பதும் வந்தது என்பதும் ஒரே சொல். அந்தச் சொல்லில் குடுவையும் இருக்கலாம், தேவகியும் இருக்கலாம். ஸ்டேஷனில் குடுவையை எடுத்துவிட்டுத் தேவகியை வைத்துவிட்டார்கள். கீழே அவன் கையெழுத்து.

"கொதிக்கற தண்ணிய ஊத்தி அஜாக்கிரதையா ஒடச்சிட்டாங்கன்னு கேஸ். முன்னூத்தி நாலு ஏ" என்றார் சாமிநாதன். "ரெண்டு வருஷம் வரைக்கும் போடலாம். அவங்க கையில வேற ஒண்ணும் இல்ல. உன் வாய்ச்சொல்லுதான் எல்லாம்."

"செஞ்சவன் மேல கேஸ் இல்லையா?"

"எந்த ஊருக்குச் சம்மன் அனுப்பறது? பேரு வேணும், அப்பன் பேரு வேணும், வெலாசம் வேணும்."

பரந்தாமன் பெட்டியைக் காட்டினான். "அது இன்னாங்க ஆவும்?"

வக்கீல் யோசிக்கவே இல்லை. "இந்தம்மாவுக்குத் தண்டனை ஆச்சின்னா கோர்ட்டு பறிமுதல் பண்ணி ஒடச்சிப் போட்டாலும் போடும். விடுதலை ஆச்சின்னா எங்க இருந்து எடுத்தாங்களோ அங்கயே போவும். ஆஸ்பத்திரி சாமானு, வேற யாருக்குக் குடுக்கறது?"

பரந்தாமன் அப்போதுதான் தேவகியை நேராகப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் பார்வையும் பெட்டியில்தான் இருந்தது.

வேதாசலம் டீக்கடையிலிருந்து வந்தார். வக்கீல் நகர்ந்துகொண்டார்.

"இன்னா சொல்லிகினு இருக்கறான் அவன்?"

"பிராதுல தப்பா எழுதிட்டாங்க மாமா. நான் சொன்னது வேற."

"எழுதினது எழுதினபடி இருக்கட்டும். பத்மாவுக்கு நெறமாசம், தெரியுமில்ல?" பத்மா மனோரமாவின் தங்கை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். "நாளைக்கி மருத்துவச்சி கைய விரிச்சான்னா எங்க தூக்கினு ஓடறது? இங்கதான் வந்தாவணும். அப்ப இந்தக் கை இங்க இருக்கக் கூடாது மாப்ள."

"கை ஒண்ணும் பண்ணல மாமா. குடுவை."

வேதாசலம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "குடுவைக்கு எப்பிடி விலங்கு மாட்றது?"

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகக்கூடப் பரந்தாமனுக்குப் பட்டது. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், தேவகி ஜெயிலுக்குப் போவாள், பெட்டி உடைபடும், அதிலிருக்கிற எதுவும் இன்னொருத்தி கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்காது. அவன் வாயைத் திறந்தால் தேவகி வீட்டுக்குப் போவாள். பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும். பத்மாவோ யாரோ அங்கே வருவார்கள். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் கணக்கு, வாயை மூடிக்கொள் என்ற இடத்திலேயே வந்து நின்றது.

கோர்ட்டுச் சேவகனான டவாலி பரந்தாமன் பெயரைக் கூப்பிட்டான்.

மாஜிஸ்டிரேட் வயதானவர், மாதத்துக்கு ஒருமுறை முகாம் வருகிறவர். மேசையில் கட்டு கட்டாகக் கேஸ்கள். போலீஸ் தரப்பில் இன்ஸ்பெக்டர் துளசிங்கம் எழுந்தார். இந்த ஊர்க்காரர், தமிழிலேயே கேட்டார்.

"குடுவைய இந்த நர்ஸம்மா ஒடச்சதை நீ பாத்த இல்ல?"

பரந்தாமன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான். கேள்விக்கு விடை தேடியபோது அவன் நினைவில் வந்தது ஒன்றே ஒன்று. அவள் கைகள். அந்த ஓசை கேட்டபோது தேவகியின் இரண்டு கைகளும் மனோரமாவின் அடிவயிற்றில் இருந்தன. ரத்தம் நிற்பதற்காக முழங்கை வரை நடுங்க நடுங்க அழுத்திக்கொண்டிருந்தாள். கோடு விழுந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. "சார், குழாய மடிச்சிப் புடிங்க" என்று அவனிடம்தான் சொன்னாள். அவன்தான் பிடிக்காமல் நின்றான்.

"இல்லைங்க" என்றான். "அவங்க ரெண்டு கையும் என் சம்சாரத்து வயித்து மேல இருந்துது. குடுவைய யாரும் தொடல. தொங்கிகினு இருக்கும்போதே தன்னால விரிஞ்சுது. ஸ்டேஷன்லயும் அதத்தான் சொன்னேன். தமிழ்ல சொன்னத தெலுங்குல எழுதிட்டாங்க."

பின்னால் வேதாசலம் தொண்டையைச் செருமியது கேட்டது.

"இது உன் கையெழுத்துதான?"

"ஆங்."

"பி.ஏ. படிச்சவரு. படிக்காம கையெழுத்துப் போட்டாராம்." கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. துளசிங்கம் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். "பொய்ப் பிராது குடுத்தா இன்னா ஆவும்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. கேஸ் போடறதுன்னா போட்டுக்குங்க."

மாஜிஸ்டிரேட் நிமிர்ந்தார். சாட்சியின் குரலில் வீம்பு இருக்கிறதா என்று பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை. ஓபுலேசுவைக் கூப்பிட்டார், அந்த இரண்டு சொல்லையும் தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை சொல்ல வைத்தார். ஓபுலேசுவுக்கு முகம் கறுத்துவிட்டது. மாஜிஸ்டிரேட் எதையோ எழுதினார்.

துளசிங்கம் விடவில்லை. குடுவை தன்னால் உடையக்கூடியதா இல்லையா, கோர்ட்டே பார்க்கட்டும் என்றார். பெட்டி உள்ளே வந்தது, அரக்கை உடைத்தார்கள். வைக்கோலிலிருந்து ஒரு குடுவையை எடுத்து மேசை மேல் வைத்தார்கள். டீக்கடையிலிருந்து ஒரு செம்பு வெந்நீர் வந்தது, ஆவி பறக்க ஊற்றினார்கள். மொத்தக் கோர்ட்டும் கழுத்தை நீட்டியது.

குடுவை அசையாமல் நின்றது. பச்சைக் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, பார்க்க அழகாகக்கூட இருந்தது.

"பாத்தீங்களா" என்றார் துளசிங்கம்.

"கொஞ்ச நேரம் வெச்சிருக்கணுங்க" என்றான் பரந்தாமன். "அன்னிக்கும் ஊத்தின உடனே ஒண்ணும் ஆவல. சொட்டு எறங்கி, ஒரு நேரத்துக்கு அப்பறம்தான்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலைங்க."

மாஜிஸ்டிரேட் மேசையில் அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்தார். கொட்டிவிடச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் குடுவையை வராந்தாவுக்கு எடுத்துப் போய்க் கவிழ்த்து, துணியால் துடைத்து, வைக்கோலில் திரும்பப் பொதிந்தார். தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் சூடாத்தான் இருக்குது" என்றார்.

உத்தரவை உடனே எழுதினார்கள். எதிரியான நர்ஸ் அஜாக்கிரதையாக நடந்ததற்குச் சாட்சியம் இல்லை, விடுதலை. குடுவைகளில் குறை காணப்படவில்லை, ஆஸ்பத்திரிக்குத் திருப்பித் தருவது. மரணம் தற்செயலானது.

"ஐயா, அதெல்லாம் திரும்பப் போவக் கூடாதுங்க" என்றான் பரந்தாமன். கூண்டிலிருந்து இறங்கச் சொல்லிவிட்ட பிறகும் அவன் இறங்கவில்லை.

மாஜிஸ்டிரேட் கோபப்படவில்லை. "என் முன்னால நிக்கறது அந்தம்மா. அவங்களப் பத்திச் சொல்லிட்டேன். குடுவை இங்க எதிரி இல்லப்பா."

அடுத்த கேஸ் ஓர் ஆட்டுத் திருட்டு. பரந்தாமன் இறங்கும் முன்பே அந்தக் கேஸ்காரர்கள் ஏறிவிட்டார்கள்.

வேதாசலம் வாசலில் நின்றார். அடிப்பார் என்று பரந்தாமன் நினைத்தான், அடித்தால் தேவலாம் என்றும் இருந்தது. அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பத்மாவ வேலூருக்குக் கூட்டிகினு போயிடறேன். நீ எங்க வூட்டுப் பக்கம் வராத." பஸ்ஸை நோக்கி நடந்தார். பிறகு ஒருமுறை திரும்பி, "அவ வயித்து மேலயா வெச்சிருந்தா கைய?" என்று கேட்டார்.

"ஆங், மாமா."

அவர் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியின் பொறுப்பு தேவகியிடம் இருந்ததால் பெட்டியை வாங்கிக்கொண்டதாக அவளே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவளால் தூக்க முடியவில்லை. பரந்தாமன் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். மழை வரும் போல இருட்டிக்கொண்டிருந்தது. மலையின் மேல்பாதியை மேகம் மூடிவிட்டது.

"போட்டு ஒடச்சிடட்டுமா?" என்று அவன் கேட்டான்.

"வேணாம் சார். நல்லா இருக்குதுன்னு கோர்ட்டே எழுதிக் குடுத்த சாமானு. ஒடச்சா அதுக்கு ஒரு கேஸ் வரும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்: "அந்தக் கேஸ்ல புடிக்கறதுக்கு ஆளு இருக்கும்."

ஆஸ்பத்திரியில் அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பை மூட்டினாள். அவன் குடுவைகளை எடுத்து மருந்து மேசையில் வரிசையாக வைத்தான். அவள் உப்புநீருக்கு வேண்டிய சூட்டில் ஊற்றிக்கொண்டே போனாள். ஊற்றிவிட்டு இருவரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். கோர்ட்டுக்கு இல்லாத நேரம் அவர்களுக்கு இருந்தது.

வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. அவன் கண்ணை மூடித் திறந்தான். அந்த ஓசை கேட்டது. நடுவில் இருந்த ஒன்றில் கோடு. மேசையில் தண்ணீர் பரவியது. தேவகி அதை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"மத்ததெல்லாம் தேறிடுச்சி" என்றான்.

"இன்னொரு வாட்டி ஊத்திப் பாக்கலாம் சார்."

ஊற்றினார்கள். முதல் தடவை நின்ற குடுவைகளில் ஒன்று இந்தத் தடவை போயிற்று. பரந்தாமனுக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. பரீட்சையில் தேறியதெல்லாம் அந்த ஒரு தடவைக்குத்தான் தேறியது. அடுத்த தடவையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஒருவேளை ஊற்றி ஊற்றிப் பார்ப்பதே கண்ணாடியைத் தளர்த்துகிறதோ என்னவோ. அவன் மூன்றாவது தடவைக்குச் செம்பை எடுத்தான். தேவகி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும் சார். இப்பிடியே பாத்துகினு போனா ஒண்ணும் மிஞ்சாது. ஒண்ணுமே இல்லன்னாலும் ஒரு பொம்பள சாவா. வேற குடுவை எங்கியும் கெடைக்கலிங்க, எழுதிப் போட்டுப் பாத்துட்டேன்."

மிஞ்சியவற்றை அவர்கள் ஆறவைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டியில் போட்டிருந்த வைக்கோல் நனைந்து சிவப்பாக இருந்தது. தெலுங்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தவர்கள். பிள்ளை காலையிலேயே வீட்டில் பிறந்துவிட்டதாம், நல்லபடியாகத்தான் இருக்கிறதாம். தாய்க்குத்தான் நிற்கவில்லை. மாமியார்க்காரி முன்னால் ஓடிவந்து தெலுங்கில் அழுதாள்.

தேவகி கையைக் கழுவினாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். ஸ்டாண்டைத் திரைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினாள், குழாய் மட்டும் துணிக்கு அடியில் உள்ளே போனது. குடுவைகளைப் பார்த்தாள். எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன. ஒன்றை எடுத்தாள்.

"சார், நீங்க இங்க நில்லுங்க. குடுவையவே பாத்துகினு இருங்க. கோடு விழற மாதிரி இருந்தா உடனே குழாய மடிச்சிப் புடிச்சிட்டுக் கொரல் குடுங்க. என் ரெண்டு கையும் உள்ள இருக்கும்."

மாமியார்க்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரசவக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்று தெலுங்கில் அதட்டினாள்.

"அவரு குடுவையப் பாக்கறவரும்மா" என்று திரைக்குள்ளிருந்து தேவகி சொன்னாள். அவளுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மழை கூரையில் இறங்கியது. அந்த ஓசையில் இன்னொரு சின்ன ஓசை காதில் விழாது என்பது பரந்தாமனுக்குத் தெரிந்தது. காதை விட்டுவிட்டான். இடது கையால் ரப்பர் குழாயைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு விழுந்தது. அவன் கண் இமைக்காமல் இருக்கப் பார்த்தான்.